ஏஐ முகவர்களுக்கு எழுதும் கருவிக் குறிப்புகள் சரியாக உள்ளனவா என்பதை எப்படி மதிப்பிடுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது. ஒரு மென்பொருள் குழு தன் சேவைகளை ஏஐ முகவர்கள் (பயனர் சொல்லும் பணியைத் தாமே மென்பொருள்களை இயக்கி முடிக்கும் ஏஐ அமைப்புகள்) பயன்படுத்துவதற்காக முப்பதுக்கும் மேற்பட்ட கருவிகளாக, அதாவது முகவர் அழைக்கக்கூடிய தனித்தனிச் செயல்களாக, திறந்துவிட்டிருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்புகளை ஒரு மொழி மாதிரியிடம் (ஜிபிடி, குளோட் போல எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ) கொடுத்துப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பெரும்பாலானவற்றுக்கு எட்டும் ஒன்பதும் கிடைக்கின்றன. ஆனால் நடைமுறையில் முகவர் அடிக்கடி தவறான கருவியை எடுக்கிறது, அல்லது சரியான கருவிக்குத் தவறான உள்ளீட்டைக் கொடுக்கிறது. அப்படியானால் குறிப்பின் தரத்தை எதை வைத்து அளப்பது?

நேரடியாகச் சொன்னால், கருவிக் குறிப்பின் தரம் அந்தக் குறிப்பின் வாசகத்துக்குள் மட்டும் இல்லை. அதே பட்டியலில் உள்ள மற்றக் கருவிகள், அதைப் படிக்கும் மொழி மாதிரி, பயனர்கள் உண்மையில் கேட்கும் பணிகள் ஆகிய மூன்றோடும் சேர்ந்தே அது முடிவாகிறது. ஒரு தெருவில் முருகன் என்று ஒருவரே இருந்தால் ‘முருகன் வீடு’ என்பது போதிய முகவரி. நால்வர் இருந்தால் அதே முகவரி தபால்காரரை அலையவைக்கும். மதிப்பெண் போட்ட மொழி மாதிரி ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியே படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அது சொன்னதில் தவறில்லை. அதனிடம் கேட்கப்பட்டது வேறு கேள்வி. ஆகவே குறிப்பை வைத்துக்கொண்டு முகவர் என்ன செய்கிறது என்பதை அளக்க வேண்டும். படித்து மதிப்பெண் போடுவதற்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் அது சிறிய இடம்.

முதலில், குறிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐ-யில் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் இடைமுகம்) மாதிரி வெளி நிரல்களின் செயற்கூறுகளை அழைக்கும் வசதியைச் சேர்த்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. இவற்றுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரே அமைப்பு நிலைபெற்றுவிட்டது: கருவிக்கு ஒரு பெயர், இயல்பான மொழியில் ஒரு குறிப்பு, உள்ளீடுகளின் பெயர், வகை, கட்டாயமா இல்லையா என்பவற்றை வரையறுக்கும் ஒரு ஜேசன் ஸ்கீமா. பொதுவாக இந்த மூன்றும் பயனரின் முதல் கேள்விக்கு முன்பே எழுத்துகளாக மாதிரியின் சூழலுக்குள், அதாவது பதில் எழுதும்போது அது பார்க்கும் எழுத்துத் தொகுதிக்குள், சேர்க்கப்பட்டுவிடும். கருவியின் நிரல், தரவுத்தளம், குழுவின் உள் ஆவணங்கள் எவையும் அதன் கண்ணில் படுவதில்லை. ஆவணத்தில் ஏதேனும் விடுபட்டிருந்தால் மனித நிரலர் பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்பார், அல்லது சோதனைச் சூழலில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். மாதிரி பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே சென்றுவிடும். ஊகம் சரியாக அமைந்தால் யாருக்கும் தெரிவதில்லை. தவறாக அமைந்தாலும் பல வேளைகளில் யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

அந்தக் கவலைக்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ரேஸர்பே, ஸ்டிரைப் போன்ற பணப்பரிமாற்ற ஏபிஐ-களில் தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் தர வேண்டும். ரூபாய் என்றால் பைசாவில். 500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க 50000 என்று அனுப்ப வேண்டும். இத்தகைய ஏபிஐ-யை உங்கள் குழு ஒரு கருவிக்குள் பொதிந்து எழுதும்போது, உள்ளீட்டின் பெயர் ‘தொகை’, அதன் குறிப்பு ‘திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை’ என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 500 ரூபாய் கேட்கிறார். முகவர் 500 என்று அனுப்புகிறது. ஸ்கீமா அதை முழு எண் என்று ஏற்றுக்கொள்கிறது. சேவையகம் வெற்றி என்கிறது. வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்வது 5 ரூபாய். எந்தக் கட்டத்திலும் பிழைச் செய்தி எழவில்லை. இந்தக் குறிப்பைப் படித்த மதிப்பீட்டு மாதிரி அதற்கு ஒன்பது மதிப்பெண் தந்திருந்தால் வியப்பதற்கில்லை, ஏனெனில் வாக்கியம் இலக்கணப்படியும் பொருள்படியும் தெளிவாகவே இருக்கிறது.

படித்துச் சோதிப்பதன் பயனை இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அலகு குறிப்பிடப்படாத எண்கள், வடிவம் குறிப்பிடப்படாத தேதிகள் (03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4), விளக்கமே இல்லாத உள்ளீடுகள், குறிப்பில் ஒரு விதமாகவும் ஸ்கீமாவில் வேறு விதமாகவும் உள்ள கட்டாயப் புலங்கள், குறிப்பில் பெயர் சொல்லப்பட்டும் பட்டியலில் இல்லாத கருவிகள் போன்றவற்றைக் கண்டுபிடிக்கத் தானியங்கிச் சோதனையே போதும். அவற்றை ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்விகளாக அமைக்க வேண்டும். ‘இந்தக் குறிப்பு எவ்வளவு தெளிவாக இருக்கிறது’ என்று கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் வாங்குவதால் பயனில்லை. நடுவராக இருக்கும் மாதிரிகள் நீளமானதும் மெருகானதுமான எழுத்தின் பக்கம் சாய்வது நன்கு அறியப்பட்ட குறை. கருவிக் குறிப்பு மூன்று நான்கு வாக்கியங்களாவது இருக்க வேண்டும் என்று ஆந்த்ரோபிக்கின் ஆவணம் பரிந்துரைப்பது நியாயமானதே. ஆனால் அந்தப் பரிந்துரையை மதிப்பெண்ணாக்கினால் எல்லாரும் நான்கு வாக்கியம் எழுதுவார்கள், அவற்றுள் மூன்று முதல் வாக்கியத்தையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும்.

இனி நடத்தையை அளக்கும் முறைக்கு வருகிறேன். முகவர்களுக்கான பொதுத் தரவரிசைகள் ஏற்கெனவே இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தால் போதாதா என்ற எண்ணம் எழலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான செயற்கூற்று அழைப்புத் தரவரிசையும், 2024 ஜூனில் சியெரா நிறுவனத்தினர் வெளியிட்ட டௌ-பெஞ்ச் சோதனையும் இத்துறையில் அடிக்கடி பேசப்படுபவை. ஆனால் அவை கருவிகளையும் குறிப்புகளையும் மாறாமல் வைத்துக்கொண்டு மாதிரிகளை மாற்றி மாற்றி அளக்கின்றன. உங்களுக்குத் தேவை அதன் தலைகீழ்: மாதிரியை மாறாமல் வைத்துக்கொண்டு குறிப்புகளை மாற்றி அளப்பது. ஆகவே அவற்றின் முடிவுகளைக் காட்டிலும் அவற்றின் முறைகளே உங்களுக்குப் பயன்படும். குறிப்பாக இரண்டை எடுத்துக்கொள்ளலாம். பெர்க்லி தரவரிசையில் பொருத்தமான கருவி எதுவுமே இல்லாத கேள்விகள் ஒரு தனிப் பிரிவாக இருக்கின்றன. அங்கே எதையும் அழைக்காமல் இருப்பதே சரியான விடை. டௌ-பெஞ்ச், விமான நிறுவனம், சில்லறை வணிகம் ஆகிய இரு களங்களில் முகவரை உரையாட விட்டு, உரையாடல் முடிந்ததும் தரவுத்தளம் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. எந்த வரிசையில் கருவிகளை அழைத்தது என்று பார்த்து மதிப்பெண் தருவதைவிட இது நேர்மையானது, ஏனெனில் பல பணிகளுக்குச் சரியான வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

சோதனைப் பணிகளைத் தொகுப்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செல்ல வேண்டும். குறிப்பை எழுதியவரே பணிகளையும் எழுதினால், குறிப்பில் உள்ள சொற்களே பணியிலும் வந்துவிடும். ‘நிலுவை ஆர்டர்களைத் தேடு’ என்ற கருவிக்கு ‘நிலுவையில் உள்ள ஆர்டர்களைத் தேடித் தருக’ என்று கேள்வி அமைத்தால் எந்தக் குறிப்பும் வென்றுவிடும். (கருவிப் பெயர்களை வாசிப்பு வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன், நடைமுறையில் அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு ஆகியவற்றுக்குள்தான் அமைய வேண்டியிருக்கும்.) ஆகவே வாடிக்கையாளர் சேவைப் பதிவுகளிலிருந்தோ, உண்மையான உரையாடல்களிலிருந்தோ, அடையாளங்களை நீக்கிவிட்டு, பயனர்கள் பேசும் விதத்திலேயே எடுப்பது நல்லது. ‘போன வாரம் வாங்கினது இன்னும் வரலை, வேண்டாம், காசைக் குடுத்துடுங்க’ என்று ஒருவர் கேட்கும்போது ‘ஆர்டரை ரத்து செய்’, ‘பணத்தைத் திருப்பு’, ‘திரும்பப் பெறுதலைப் பதிவு செய்’ ஆகிய மூன்று கருவிகளும் போட்டிக்கு வருகின்றன. பொருள் கிடங்கைவிட்டுக் கிளம்பிவிட்டதா என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்த எல்லைக் கோட்டைக் குறிப்புகள் சொல்கின்றனவா என்பதுதான் உண்மையான சோதனை.

இப்படி ஒன்றோடொன்று குழம்பக்கூடிய கருவி இணைகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வோர் இணைக்கும் இரு பக்கத்துப் பணிகளையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதினால், ஒரு கருவியின் குறிப்பில் ‘எப்போதும் இதையே முதலில் பயன்படுத்துக’ என்று சேர்த்துவிட்டு முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்ள நேரிடும். மறுபக்கத்துப் பணிகள் உடைந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இவற்றோடு, எந்தக் கருவியும் பொருந்தாத பணிகளும், தகவல் போதாமல் முகவர் பயனரைத் திருப்பிக் கேட்க வேண்டிய பணிகளும் கணிசமாக இருக்க வேண்டும். சரியான கருவியைத் தேடும் திறனை மட்டும் கவனித்து எழுதப்பட்ட சோதனைத் தொகுதிகளில், எதையும் அழைக்கக் கூடாத இத்தகைய பணிகளே பெரும்பாலும் விடுபடுகின்றன. பணத்தைத் திருப்பும் கருவி அழைக்கப்படாமல் போவதைவிட, அழைக்கக் கூடாத நேரத்தில் அழைக்கப்படுவது பெருந்தவறு. ஆகவே எல்லாத் தவறுகளையும் ஒரே எடையில் கூட்டிச் சராசரி எடுப்பதும் சரியில்லை.

ஒவ்வொரு பணியையும் ஓட்டிய பிறகு, இறுதியில் வென்றதா என்பதைத் தவிர வேறு சிலவற்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்: முதலில் எடுத்த கருவி சரியா, உள்ளீடுகள் சரியா, தவறு நேர்ந்தால் மீண்டு வந்ததா, எத்தனை அழைப்புகளும் எத்தனை டோக்கன்களும் (மாதிரி எழுத்தைத் துண்டாக்கிப் படிக்கும் அலகுகள்) செலவாயின. இவற்றைப் பிரித்து வைத்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். முதல் தேர்வே தவறினால் பெயரிலோ குறிப்பின் முதல் வரியிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். தேர்வு சரியாக இருந்து உள்ளீடு தவறினால் ஸ்கீமாவில் உள்ள உள்ளீட்டுக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து விடை தவறினால் கருவி திருப்பித் தருவதை மாதிரி தவறாகப் புரிந்துகொள்கிறது என்று கொள்ளலாம்.

இத்துடன் நான் கட்டாயம் செய்யச் சொல்வது நீக்கல் சோதனை. குறிப்புகள் முழுவதையும் நீக்கிவிட்டுப் பெயரையும் ஸ்கீமாவையும் மட்டும் வைத்து அதே பணிகளை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பல கருவிகளுக்கு முடிவு மாறவே மாறாது. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, குறிப்பு வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். சில கருவிகளுக்கு முடிவு சரிந்துவிடும். அங்கே குறிப்பு வேலை செய்கிறது. சிலவற்றுக்கு, அபூர்வமாகவேனும், குறிப்பை நீக்கிய பிறகு முடிவு மேம்படும். அங்கே குறிப்பு முகவரைத் தவறான வழியில் திருப்பிக்கொண்டிருந்தது என்று பொருள். முக்கியமான கருவிகளுக்கு இதையே வாக்கிய அளவில் செய்யலாம்: ஒவ்வொரு வாக்கியமாக நீக்கி, எந்த வாக்கியம் எந்தப் பணியைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பார்ப்பது. இந்தப் பட்டியல் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், குறிப்பை யார் எப்போது திருத்தினாலும் எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்திருக்கும். கருவிகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. வரிசை மாறினால் தேர்வும் மாறுகிறது என்றால், அந்த இரு குறிப்புகளும் மாதிரிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுகின்றன.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 50 பணிகளில் பழைய குறிப்பு 35-ஐயும் புதிய குறிப்பு 38-ஐயும் வென்றால், 70 விழுக்காடு 76 ஆயிற்று என்று அறிக்கை எழுதத் தோன்றும். பணி பணியாக ஒப்பிட்டுப் பாருங்கள்: புதியது 5 பணிகளைத் திருத்தி 2 பணிகளை உடைத்திருந்தால், மாறியவை மொத்தம் ஏழுதான். ஏழு முறை நாணயம் சுண்டினால் 5–2 என்றோ அதைவிடச் சாய்வாகவோ பிரிவதற்கு ஏறத்தாழ 45 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதாவது எதுவுமே மாறாமல் இருந்தும் இந்த முடிவு வரலாம். 10 பணிகள் திருந்தி ஒன்று மட்டும் உடைந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடாகக் குறைகிறது, அப்போது நம்பலாம். ஒரே பணியை ஒரே அமைப்பில் மறுபடி ஓட்டினாலும் முகவர் வேறு வழியில் போகக்கூடும் என்பதால், ஒவ்வொரு பணியையும் பல முறை ஓட்டுவது அவசியம். டௌ-பெஞ்ச் இதற்கென ஓர் அளவீட்டையே வைத்திருக்கிறது: ஒரு பணியைத் தொடர்ந்து எட்டு முறை ஓட்டினால் எட்டிலும் வெல்கிறதா என்பது. அது வெளியான காலத்தில் ஜிபிடி-4ஓ போன்ற முன்னணி மாதிரிகளே பாதிக்கும் குறைவான பணிகளில்தான் வென்றன. சில்லறை வணிகக் களத்தில் எட்டு முறையும் வெல்லும் விகிதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. ஒவ்வொரு முறையும் 90 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள பணிகூட எட்டு முறையும் தவறாமல் வெல்வதற்கு 43 விழுக்காடே வாய்ப்புண்டு. வாடிக்கையாளரின் பணத்தைத் தொடும் கருவிக்குச் சராசரியைவிட இந்த எண்ணே பொருத்தமானது.

எண்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். என்ன நடந்தது என்பதை அழைப்புப் பதிவுகளை உட்கார்ந்து படித்தால்தான் அறிய முடியும். இதைத் தவிர்க்கக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆந்த்ரோபிக் வெளியிட்ட இரு அனுபவங்கள் இதற்குப் பாடநூல் போன்றவை. தன் குளோட் மாதிரிக்கு இணையத் தேடல் கருவியைக் கொடுத்தபோது, அது தேவையே இல்லாமல் தேடல் சொற்களுக்குப் பின்னால் 2025 என்று சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் தேடல் முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கருவியின் குறிப்பைத் திருத்தி அதைச் சரிசெய்தார்கள். இன்னோர் இடத்தில், நிரல் திருத்தும் முகவர் வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு சார்புப் பாதைகளை (அப்போதிருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்கும் கோப்பு முகவரிகளை) கொடுத்துத் தடுமாறியது. எப்போதும் முழுப் பாதையையே தர வேண்டும் என்று கருவியையே மாற்றியமைத்ததும் அந்தத் தடுமாற்றம் நின்றது. முதலாவதில் மருந்து குறிப்பில் இருந்தது, இரண்டாவதில் கருவியின் வடிவமைப்பில் இருந்தது. மதிப்பீட்டின் மிக உயர்ந்த பயன், என் பார்வையில், இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான்.

ஏனெனில் குறிப்பைத் திருத்துவது மலிவு, கருவியைத் திருத்துவது செலவு என்பதால், குழுக்கள் வடிவமைப்புக் குறைகளையெல்லாம் குறிப்பில் எழுதிச் சமாளிக்கப் பார்க்கின்றன. மேலே சொன்ன பைசாச் சிக்கலில் ‘கவனிக்க: தொகை பைசாவில் இருக்க வேண்டும்’ என்று குறிப்பில் எழுதலாம், உள்ளீட்டின் பெயரையே ‘தொகை_பைசாவில்’ என்று மாற்றலாம், அல்லது கருவி ரூபாயையே வாங்கிக்கொண்டு உள்ளே நூறால் பெருக்கிக்கொள்ளலாம். மூன்றையும் ஒரே பணித்தொகுதியில் ஓட்டிப் பார்த்தால் எது நிலைக்கிறது என்று தெரிந்துவிடும்; மூன்றாவதே நிலைக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். இன்னொரு வழக்கமான குறை பக்கம் பிரித்துத் தரும் பட்டியல். கருவி முதல் 20 ஆர்டர்களை மட்டும் தருகிறது, மீதம் இருப்பதை எங்கும் சொல்வதில்லை. ‘இந்த மாதம் எத்தனை ஆர்டர்கள்’ என்று கேட்டவருக்கு முகவர் 20 என்று உறுதியாகப் பதில் சொல்கிறது. குறிப்பில் நான்கு வரி எழுதுவதைவிட, திரும்பி வரும் தரவிலேயே ‘மொத்தம் 312, இவற்றில் முதல் 20 காட்டப்படுகின்றன’ என்று வருவது நல்லது, ஏனெனில் அது தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் மாதிரியின் முன்னால் நிற்கும். பிழைச் செய்திகளையும் அப்படியே குறிப்பின் தொடர்ச்சியாகக் கருதி மதிப்பிட வேண்டும். ‘400 தவறான கோரிக்கை’ என்ற பதிலைப் பெற்ற முகவர் அதே அழைப்பைச் சற்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். ‘தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் வேண்டும், வந்தது 03/04/2025’ என்ற பதிலைப் பெற்றால் பெரும்பாலும் அடுத்த அழைப்பிலேயே சரிசெய்துகொள்ளும்.

கருவிகளின் எண்ணிக்கை கூடும்போது வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. எம்சிபி வழியாகக் கருவிகளைத் தரும் ஐந்து சேவையகங்களை இணைத்த ஓர் அமைப்பில் 58 கருவிகளின் வரையறைகளே ஏறத்தாழ 55,000 டோக்கன்களை எடுத்துக்கொண்டன என்று ஆந்த்ரோபிக் 2025 நவம்பரில் எழுதியது. பயனர் வாய் திறப்பதற்கு முன்பே செலவாகும் இடம் இது. ஆகவே ஒரு குறிப்பில் சேர்க்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விலை உண்டு, அந்த விலையை அந்தக் கருவியைத் தொடாத உரையாடல்களும் கொடுக்கின்றன; மதிப்பீட்டு அறிக்கையில் வெற்றி விகிதத்துக்குப் பக்கத்திலேயே டோக்கன் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்க, எல்லாக் குறிப்புகளையும் முன்கூட்டியே ஏற்றாமல், தேவைப்படும்போது தேடி எடுக்கும் முறையை அவர்கள் கொண்டுவந்தார்கள்; குளோட் ஓபஸ் 4 மாதிரியில் அவர்களுடைய எம்சிபி மதிப்பீடு அதனால் 49 விழுக்காட்டிலிருந்து 74 ஆக உயர்ந்தது. அந்த முறையைப் பின்பற்றினால் குறிப்புக்கு இரண்டாவது வேலை ஒன்று வந்துசேர்கிறது: தேடலில் அகப்படுவது. தேடலில் மேலே வரும் குறிப்பும், வந்த பிறகு சரியாகப் பயன்படுத்த வைக்கும் குறிப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

குறிப்பு உண்மையைச் சொல்கிறதா என்பதும் மதிப்பீட்டின் பகுதியே. வெளியாருடைய கருவிகளை இணைக்கும்போது இது பாதுகாப்புக் கேள்வியாகவே மாறிவிடுகிறது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற குழு ஒன்றைக் காட்டியது. இரு எண்களைக் கூட்டும் சாதாரணக் கருவி ஒன்றின் குறிப்பில், பயனரின் கணினியில் உள்ள அமைப்புக் கோப்பையும் ரகசியச் சாவியையும் படித்து ஒரு கூடுதல் உள்ளீட்டில் அனுப்ப வேண்டும் என்றும், அதைப் பயனரிடம் சொல்லக் கூடாது என்றும் மறைவாக எழுதியிருந்தார்கள். முகவர் அப்படியே செய்தது. மாதிரியைப் பொறுத்தவரை குறிப்பு என்பது கட்டளையாகவும் படிக்கப்படக்கூடிய எழுத்து. எம்சிபி நெறிமுறையில், கருவி படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, ஒரே அழைப்பைத் திரும்பச் செய்தால் பாதிப்பு உண்டா என்று அறிவிக்கும் அடையாளங்கள் இருக்கின்றன. எதுவும் சொல்லாவிட்டால் கருவி அழிக்கக்கூடியது என்றே கொள்ளப்படும். ஆயினும் அவை சேவையகம் தானே சொல்லிக்கொள்பவை, நம்பிக்கையற்ற இடத்திலிருந்து வந்தால் நம்பக் கூடாது என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. ஆகவே ‘படிக்க மட்டும்’ என்று சொல்லும் ஒவ்வொரு கருவியையும் ஓட்டி, தரவுத்தளம் மாறவில்லை என்பதை உறுதிசெய்யும் சோதனை ஒன்று தொகுதியில் இருந்தாக வேண்டும். இதைவிட மென்மையான ஒரு பொய்யும் உண்டு: ‘இந்தப் பணிக்கு மிகச் சிறந்த கருவி இதுவே’ என்ற வகை விளம்பர வாசகம். இத்தகைய வாசகங்கள் மாதிரிகளின் தேர்வை உண்மையிலேயே சாய்க்கின்றன. உங்கள் குழுவுக்குள்ளேயே இரு பிரிவினர் தத்தம் கருவிகளுக்கு இப்படி எழுதத் தொடங்கினால் குறிப்புகளில் ஏலம்தான் நடக்கும்.

உங்கள் பயனர்கள் தமிழில் கேட்பவர்களாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவிப் பெயர்களும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருக்க, கேள்விகள் தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழிலும், இரண்டும் கலந்தும் வரும். இந்த மூன்று வடிவங்களிலும் அதே பணிகள் தொகுதியில் இருக்க வேண்டும். கருவித் தேர்வு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். தடுமாற்றம் உள்ளீடுகளில்தான் தெரியும். தரவுத்தளத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும் ஊர்ப்பெயரைத் தேட முகவர் தமிழ் எழுத்திலேயே அனுப்பிவிடும், அல்லது ‘அடுத்த வெள்ளி’ என்பதை வேறு வாரமாக மாற்றிவிடும். குறிப்புகளையே தமிழில் எழுதலாமா என்றால், தமிழ் எழுத்துக்கு டோக்கன்கள் கூடுதலாகச் செலவாகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளீடு எந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை உள்ளீட்டுக் குறிப்பில் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வது போதும்.

சிறிய குழுவால் இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. நான் வரிசைப்படுத்துவதானால், அலகு, வடிவம், விடுபட்ட விளக்கம் ஆகியவற்றுக்கான தானியங்கிச் சோதனையை முதல் நாளே நிரல் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவேன். அடுத்து, பணத்தையோ தரவை அழிப்பதையோ தொடும் கருவிகளுக்கும் அவற்றோடு குழம்பக்கூடிய கருவிகளுக்கும் மட்டும் ஐம்பதுக்குக் குறையாத பணிகளைத் தொகுத்து, அவற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறிப்புகளைத் திருத்துபவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பேன். திருத்துபவர் மனிதராக இருந்தாலும் மொழி மாதிரியாக இருந்தாலும், கண்ணில் படும் பணிகளுக்கு ஏற்றாற்போலக் குறிப்பு வளைந்துவிடும். ஒதுக்கி வைத்தவையே உண்மையைச் சொல்லும். பிறகு நீக்கல் சோதனை, அதன் பிறகு பதிவுகளைப் படித்தல். மற்றக் கருவிகள் காத்திருக்கலாம். முகவருக்குப் பின்னால் உள்ள மாதிரி மாறும் ஒவ்வொரு முறையும் இந்தத் தொகுதி முழுவதையும் நீக்கல் சோதனையோடு சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். பழைய மாதிரியின் ஒரு பழக்கத்தைத் தடுக்க எழுதிய வாக்கியம் புதிய மாதிரிக்குத் தேவையற்றதாகவோ, அதைத் திசைதிருப்புவதாகவோ மாறியிருக்கக்கூடும், அத்தகைய வாக்கியங்களை அந்தச் சமயத்திலேயே நீக்கிவிடுவது எளிது.